லைன் வீட்டு மெக்கானிக்

சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், கோரமண்டல் என்று கோலார் தங்கவயலில் எந்தத் தொழிலாளர் லைனுக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். முகம் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. சந்தில் நிற்கும் மாருதி 800-க்கு அடியிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு கால்கள்தான் அவர். விடியற்காலையில் பெங்களூரு ரயிலுக்கு ஓடுகிறவர்கள் அவற்றைத் தாண்டி ஓடுவார்கள். பால்காரர் பாக்கி கேட்பதும் அந்தக் கால்களிடம்தான்.

சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதும் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு ஸ்பானர் பெட்டியும் வந்தது. அது யாருடையது என்று கேட்பது மரியாதை இல்லை.

3 கிலோமீட்டர் ஆழத்தில், வேகும் பாறைக்குள் குனிந்து வேலை பார்த்தவருக்கு வண்டிக்கு அடியில் ஒரு சாண் இடம் பெரிதா என்று நினைக்கலாம். பெரிதுதான். சுரங்கத்தில் இறங்கக் கூண்டு இருந்தது; இங்கே முதுகாலேயே ஊர்ந்து போகவேண்டும். அங்கே பக்கத்து வீட்டம்மா தண்ணீர் டிரம்மைக் கொண்டுவந்து முட்டியோடு முட்டியாக வைக்கவில்லை. சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் தொழிலாளி வீட்டிலிருந்து ஷாஃப்டுக்கு நடந்தால் போதும். அவன் பேரன் கார் வாங்குவான், அதற்குச் சைலன்சர் வேறு கழன்று தொங்கும் என்று யார் கண்டது?

அன்றைக்குச் சைலன்சர் நட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. பாறையைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே நிற்குமா விழுமா என்று சொன்ன கை அது. நட்டையும் தட்டிப் பார்த்தார். “வந்துரும்” என்றார். ஸ்பானர் வழுக்கியது. படார்! சுரங்கம் ஓடிய காலத்தில் உள்ளே பாறை வெடித்து ‘ஏர் பிளாஸ்ட்’ ஆனால் மேலே வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும். அந்தப் பழக்கத்தில் எதிர்வீட்டுப் பாட்டி அலறிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

டார்ச் பிடித்திருந்த மனைவியின் கண் டிவி சீரியலில் இருந்தது. வெளிச்சமும் அங்கேயே இருந்தது.

“லைட்ட நட்டுமேல அடிம்மே!”

“மூணு கிலோமீட்டர் போய் வந்த ஆளு, ஒரு நட்டாண்ட தோத்துட்டியேயா!”

கால்கள் ஒருகணம் அசையவில்லை. பிறகு கட்டுக்கம்பி கேட்டன.

அந்தப் பக்கம் போனால் கால்களை மிதிக்காமல் போங்கள். அப்படியே உள்ளே குனிந்து, “மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா மாமா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.