செருப்பு அலமாரிக்கு வந்த 100 எம்பிபிஎஸ்

பெறுநர்: வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவுத் தலைவர், எங்கள் வட்டார இணையச் சேவை நிறுவனம், சென்னை.

பொருள்: வாசலோடு நின்றுவிட்ட வைஃபையை வீட்டுக்குள் அழைத்தல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் இணைப்பு வந்ததிலிருந்து எங்கள் செருப்பு அலமாரிக்குத் தனி மரியாதை. "கேபிள் இவ்வளவுதான் சார் வரும்" என்று அதற்கு மேலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார் தங்கள் ஊழியர். காம்போதி கேட்க வேண்டுமானால் நானும் அங்கேதான் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். படுக்கையறையில் கேட்டால், ஆலாபனை மேல் ஸ்தாயியைத் தொடப் போகிற நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கிவிடுகிறது.

மாடிப்படியில் மட்டும் சிக்னல் பிரமாதம். மேல்வீட்டுப் பையன் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு போய் அங்கே சாவகாசமாகக் கேட்கிறான். வியப்பில்லை. நாலா பக்கமும் அலை வீசும் கருவியை வெளிச்சுவரில் மாட்டினால் பாதி ஊருக்குத்தானே போகும்? மீதிப் பாதி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தூண், என் மாமியார் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே சோர்ந்துவிடுகிறது. 2.4 இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடியில் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அவற்றில்தான் இடம் பிடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசை. நேற்றைய சாம்பாரை யாராவது சுடவைத்தால் எனக்குத் தனி ஆவர்த்தனம் போச்சு.

புகார் சொன்னால், "300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிக்கோங்க சார்" என்று அன்போடு பரிந்துரைக்கிறீர்கள். உயர்தரப் பாட்டுக்கே 320 கேபிபிஎஸ் போதும். ஒரு எம்பிபிஎஸ்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுருக்காத சிடி தரத்துக்கும் 1.4 எம்பிபிஎஸ்தான். இப்போதிருக்கும் 100-லேயே முந்நூறு பேர் ஆளுக்கொரு கச்சேரி கேட்கலாம். வீட்டில் கேட்பவர்கள் இருவர். அதில் ஒருவர் பாதியில் தூங்கிவிடுவார்.

அடுத்து வந்த தம்பி கைப்பேசியை ரவுட்டரோடு ஒட்டிப் பிடித்து வேகம் பார்த்தார். 97. அவர் படியிறங்குவதற்குள், என் குறை தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. இவ்வளவு விரைவாக வேறெதுவும் உங்களிடமிருந்து வந்ததில்லை.

பிறகு எக்ஸ்டெண்டர் ஒன்றை விலைக்குத் தந்து, சிக்னலே எட்டாத படுக்கையறையில் செருகிவிட்டுப் போனீர்கள். கேட்டதைத்தானே அது திருப்பிச் சொல்லும்? அதற்கும் கேட்கவில்லை. நடுவழியில் வைத்தால் எட்டும். ஆனால் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே ரேடியோ என்பதால் வேகம் பாதியாகும். பாட்டுக்கு அந்தப் பாதியே தாராளம் என்பது வேறு விஷயம்.

ஆகவே, எக்ஸ்டெண்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பத்து மீட்டர் கேபிள் தந்து உதவக் கோருகிறேன். சாதாரண லேன் கேபிளே நூறு மீட்டர் வரை தாங்கும். என் வீடு அவ்வளவு நீளமில்லை. ரவுட்டர் கூடத்தின் நடுவே, பீரோவுக்கு எட்டத்தில், ஆள் உயரத்தில் இருந்தால் போதும். ஆணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செருப்பு அலமாரி அருகிலிருந்து,
ஒரு சந்தாதாரர்.

நகல்: மேல்வீட்டுப் பையனுக்கு – கேபிள் வந்துவிட்டால் மாடிப்படியில் சிக்னல் குறையும் என்ற முன்னறிவிப்பாக.