யாருடைய கழுதை?

கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள எங்கள் எத்தாளையில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய பிராணி கடலுக்குள் இருக்கிறது. காசு கொடுத்தாலும் நகராத பிராணி வீதியில் நிற்கிறது. முதலாவது டொல்பின், இரண்டாவது கழுதை.

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஆலங்குடாக் கரையில் விடிந்தும் விடியாமலும் படகுகள் ஆயத்தமாகிவிடும். கொழும்பாரும் வெள்ளைக்காரரும் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, ஒருவர் அங்கியை ஒருவர் இறுக்கிவிட்டுக்கொண்டு ஏறுவார்கள். டொல்பின் வந்தால் நூற்றுக்கணக்கில் வரும். தண்ணீரை விட்டு எழும்பி, ஆகாயத்திலேயே சுற்றிச் சுழன்று விழும். வராவிட்டால் படகுக்காரர், "நீங்க நேத்து வந்திருக்கணும்" என்பார். இந்தத் தொழிலில் நேற்று டொல்பின் வராமல் போனதாகச் சரித்திரமே கிடையாது.

கழுதைக்கு நேற்று இன்று என்ற பேதம் இல்லை. சோளகம் அடித்து, கடல் கொந்தளித்து, குடாவில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்குகிறவர்கள் மட்டும் ஊருக்கு வரும் மாதங்களிலும் அது கடமையில் இருக்கும். பாலாவி – கற்பிட்டி வீதியின் நட்ட நடுவில் நிற்கும். பின்னால் ஹோட்டல் வான் வந்து ஹோர்ன் அடித்தால், ஒரு காதை மட்டும் வானின் பக்கம் திருப்பும். மற்றக் காது கற்பிட்டிப் பக்கமே இருக்கும். சாம்பல் முதுகில் நெடுக ஒரு கறுப்புக் கோடு, தோளில் குறுக்கே இன்னொன்று. ஓடுகிற பிராணி அல்ல என்று யாரோ அடையாளம் போட்டு அனுப்பியது போலத் தோன்றும். சாரதி இறங்கிக் கையைத் தட்டுவார். வெள்ளைக்காரப் பெண் இறங்கிப் படம் எடுப்பாள். டொல்பினுக்குக் காசு கட்டியவளின் போனில் தெளிவாக விழுந்திருப்பது கடைசியில் கழுதைதான்.

இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அரேபிய வணிகர்கள் கொண்டுவந்தவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1344இல் இப்னு பதூதா புத்தளத்துக் கரையில் இறங்கியபோது கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்து கிடந்ததாக எழுதிவைத்தார். இன்று கறுவா கடையில் இருக்கிறது, விலையைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். கழுதை மட்டும் கரையெங்கும் கிடக்கிறது. ஒரு காலத்தில் இந்த மணலில் மூட்டை சுமக்க அதைவிட்டால் ஆளில்லை. பிறகு லொறி வந்தது. லொறி வந்த அன்றே கழுதைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பென்சனைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. வேலையும் இல்லாமல், போக இடமும் இல்லாமல், பழைய அலுவலக வாசலிலேயே வந்து நின்று போகிற வருகிறவர்களைப் பார்க்கும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரின் முகம் அதற்கு அப்படித்தான் வந்தது.

வேலை இல்லையே தவிர, பசி இருக்கிறது. இந்தப் பக்கத்து மணல் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் பீட்றூட்டும் நன்றாக வரும். வேலியில் இடுக்கு இருந்தால் பீட்றூட் இலை போய்விடும். இடுக்கு இல்லாவிட்டால் கழுதை கடதாசிக்கு இறங்கிவிடும். கல்யாணக் காட், தேர்தல் சுவரொட்டி, டியூஷன் விளம்பரம் எல்லாம் அதற்கு ஒரே ருசி. கட்சி பேதம் பார்க்காத ஜீவன் ஊரில் அது ஒன்றுதான்.

ஒரு நாள் எங்கள் வீட்டு கேற்றில் செருகியிருந்த கரண்ட் பில்லைத் தின்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போவதற்குள் தொகை எழுதியிருந்த பக்கம் உள்ளே போய்விட்டது; கட்ட வேண்டிய கடைசித் திகதி மட்டும் உதட்டோரம் தொங்கியது. அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன்.

"பில் கெடைக்கல்லையா?"

"கெடைச்சது. கழுதை தின்டுட்டுது."

மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, முறைப்பாட்டுப் புத்தகத்தை விரிக்கும் சத்தம்.

"யார்ட கழுதை?"

இதுதான் கேள்வி. பிரதேச சபையில் கேட்டாலும், பொலிஸில் கேட்டாலும், தோட்டக்காரர் வரம்பில் நின்று கத்தினாலும் இதே கேள்விதான். இதுவரை இந்தக் குடாநாட்டில் யாரும் இதற்குப் பதில் சொன்னதில்லை.

மற்றப் பிராணிகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1901இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டுப் போனான். கரையிலுள்ள மீன் வாடிகளில் வாடிக்கு ஒரு நாய் உண்டு. பதிவு இருக்கிறதோ இல்லையோ, எந்த வாடியின் நாய் என்று நாய்க்கே தெரியும். பூனைக்கு வீட்டுக்குள்ளேயே குடியுரிமை. உம்மா மீன் ஆய உட்கார்ந்தால், எங்கள் பூனை பக்கத்தில் வந்து கணக்கப்பிள்ளை போல உட்கார்ந்துவிடும். தலை ஒன்று, குடல் ஒன்று, கொஞ்சம் சதை: அதன் பங்கு குறையக்கூடாது. சோளகத்தில் படகுகள் கரையேறி, மீன் விலை ஏறி, வீட்டில் கருவாடு வேகும் நாட்களில் அது சட்டியை மோந்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்க்கும். உம்மாவுக்கு அந்தப் பார்வை தாங்காது. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த குடாநாட்டில், பூனைக்காக டின் மீன் வாங்க என்னைக் கடைக்கு அனுப்புவார். கடைக்காரர், "வீட்டுக்கு விருந்தாளியா?" என்று கேட்பார். ஆமாம் என்று வாங்கி வருவேன்.

குரங்குக்கோ தேசிய அந்தஸ்தே கிடைத்துவிட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். 900 மெகாவாட் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் அதோடு படுத்துவிட்டன. அடுத்த நாளிலிருந்து முறைவைத்து மின்வெட்டு. அதன் புகைபோக்கியைப் பார்த்தே கண்விழிக்கும் எங்கள் ஊரிலும் விசிறி நின்றது. நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு குரங்கு கையை வைத்தால் எங்கள் வீட்டில் வியர்க்கிறது. எங்கள் கழுதைகள் எத்தனையோ காலமாக மின்கம்பத்தில் முதுகு சொறிகின்றன. ஒரு பல்ப்பைக்கூட அணைத்ததில்லை. ஆனாலும் பத்திரிகையில் பெயர் வந்தது குரங்குக்கு.

அடுத்த மாதம், மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, பயிரை நாசமாக்கும் பிராணிகளை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். அவரவர் வளவில் நிற்பதை அவரவர் எண்ணி எழுத வேண்டும். நானும் படிவத்தோடு முற்றத்தில் நின்றேன். குரங்கு இல்லை. மர அணில் இல்லை. மயில் ஒன்று எங்கோ அகவியது. சத்தத்தை எண்ணலாமா என்று படிவத்தில் இல்லை. வேலியோரம் மூன்று கழுதைகள் வரிசையாக நின்று, எண்ணிக்கொள் என்பது போல என்னையே பார்த்தன. படிவத்தை மேலிருந்து கீழ்வரை தேடினேன். கழுதைக்குக் கட்டம் இல்லை. 8.05க்கு நாடு எண்ணுவதை நிறுத்தியது. பிறகு வந்த கணக்கில் குரங்கு 50 லட்சத்துக்கு மேல், மயில் 40 லட்சத்துக்கு மேல். கழுதை, பயிரைத் தின்றும்கூடக் கணக்கில் வரவில்லை.

எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. பக்கத்து வீட்டு நானாவிடம் சொன்னேன். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து படகில் வந்து இறங்கியவர் அவர். வெகுகாலம் பெயர் மன்னார்ப் பட்டியலிலும் வயிறு புத்தளத்திலுமாக வாழ்ந்தவர். நிவாரண அட்டை, வாக்காளர் இடாப்பு, மீள்குடியேற்றப் படிவம் என்று அவர் எழுதிக் கொடுத்த பெயர்களை அடுக்கினால் ஒரு புத்தகம் வரும். சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, பேர எழுதுறாங்கண்டா எதுக்கெண்டு கேட்டுட்டுத்தான் குடுக்கணும்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. குரங்கு இந்தக் கணக்கெடுப்புக்கு முன்பே ஒரு பட்டியலில் ஏறியது. 2023இல் ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று விவசாய அமைச்சிலேயே பேச்சு எழுந்தது. நல்ல காலம், அதோடு நின்றது. டொல்பின் சுற்றுலாப் பட்டியலில் ஏறியது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் படகுகள் அதைத் துரத்துகின்றன. ஆப்பிரிக்காவில் கழுதையே பட்டியலில் ஏறிவிட்டது. சீன மருந்துக்கு அதன் தோல் வேண்டுமாம். வெட்டித் தள்ளியது போதும் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் 2024இல் தடை போட வேண்டி வந்தது. எங்கள் கழுதையோ எவர் கணக்கிலும் இல்லை. ஆகவே எவருக்கும் அதை ஏற்றுமதி செய்யத் தோன்றவில்லை. மனிதனுக்குத்தான் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் அரிசி கிடைக்காது. கழுதைக்கு, பேர் இல்லாதவரை தோல் மிஞ்சும்.

ஆனால் இரவில் அந்தத் தோல் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. விளக்கில்லாத வளைவில் சாம்பல் நிறப் பிராணி நின்றால், மோட்டார் சைக்கிளில் வருகிற பொடியனுக்கு மோதிய பிறகுதான் விளங்கும். இரண்டு பேருக்கும் அடி. மன்னாரில் கழுதைகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம், நம்முடைய கழுதைகளின் கழுத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டியாவது கட்டச் சொல்லி ஒரு மனுக் கொடுப்போம் என்று தேத்தண்ணிக் கடையில் முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். நல்ல தமிழில், இரண்டு பக்கத்துக்கு, கழுதையே வாசித்தால் கண்கலங்கும்படி எழுதிக்கொண்டு போனேன். "எங்கள் கிராமத்துக் கழுதைகள்" என்று தொடங்கியிருந்தேன்.

வாசித்து முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். கையெழுத்து என்றதும் கடை அமைதியானது. மச்சான் ஒருவன் 'எங்கள்' என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுல சைன் வெச்சா நாளைக்கு நம்மட கழுதையெண்டு ஆகிடுமே" என்றான். தோட்டக்காரர்களின் பீட்றூட் இலையெல்லாம் அவன் கண்முன் வந்துபோனது தெரிந்தது. 'எங்கள்' என்பதை அடித்து, 'கிராமத்துக் கழுதைகள்' என்று போட்டேன். கிராமத்துக் கழுதையென்றால் சபைக்கு யார் பதில் சொல்வது என்றார் இன்னொருவர். 'கிராமத்து' போயிற்று. நானா இஞ்சித் தேத்தண்ணியை உறிஞ்சியபடி, "எதுக்கெண்டு கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் கடைக்காரர்தான் எழும்பி வந்தார். மனுவை ஒருமுறை பார்த்தார். பேனாவைக் கையில் எடுத்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். மூடியைப் போட்டு, சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"பேனா என்ட" என்றார்.