நிற்றலும் நிற்றல் நிமித்தமும்: விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை வரிசை பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

தமிழருக்கு வரிசை புதிதன்று. ரேஷன் கடை, திருப்பதி தர்ம தரிசனம், முதல் நாள் முதல் காட்சி என்று நின்றே வளர்ந்த கூட்டம் இது. அங்கெல்லாம் முட்டி மோதி வென்ற வீரர்கூட விமான நிலையத்தின் செக்யூரிட்டி செக் வரிசைக்கு வந்ததும், கழற்றிய பெல்ட்டை ஒரு கையிலும் நழுவும் பேன்ட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பரிதாபமாக நிற்கிறார். இந்த வீழ்ச்சி ஏன் நேர்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: இடம், சென்னை மீனம்பாக்கம். காலம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய நாட்கள், மே மாதப் பள்ளி விடுமுறை. வி.ஐ.பி. வாயில் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது; ஆய்வாளரை அங்கே விடவில்லை.

தரவுகள்: முதன்மைத் தரவு, ஆய்வாளர் நின்றது. துணைமைத் தரவு, அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் புலம்பியது.

கருதுகோள்: ‘வரிசை நகராததற்கு முன்னால் நிற்பவரே காரணம்.’ வரிசையில் நிற்கும் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட கருத்து என்பதால் இதையே எடுத்துக்கொண்டோம்.

இயல் 1: திணை

முதற்பொருளில் நிலம் என்பது எக்ஸ்ரே எந்திரத்துக்கு முன்னே, கம்பம் நட்டு நாடா கட்டிப் பாம்புபோல் வளைத்த பகுதி. பெரும்பொழுது பண்டிகைக் காலம், சிறுபொழுது வைகறை. விடியற்காலை விமானங்களெல்லாம் அடுத்தடுத்துக் கிளம்புவதால், ஊரே தூங்கும் நேரத்தில் இந்நிலம் மட்டும் திருவிழாக் கோலம் கொள்ளும்.

கருப்பொருள்களில் தெய்வம், போர்டிங் அறிவிப்பு. குரல் மட்டும் கேட்கும், உருவம் தென்படாது. உணவு, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைக்கப்பட்ட சமோசா. விலங்கு, பின்னால் வருபவர் காலில் ஏறும் சக்கரப் பெட்டி. பறை, காவலர் கையிலிருக்கும் மெட்டல் டிடெக்டர். பேன்ட் பையில் மறந்த சில்லறை, பெல்ட் கொக்கி, தாயத்து, பாட்டி ஆசையாகக் கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண் என எதைக் கண்டாலும் அது கீச்சிடும். மேடையில் ஏறி இரு கைகளையும் விரித்து நிற்பவர், தம் அரைஞாணைப் பற்றி முன்பின் தெரியாத காவலரிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

உரிப்பொருள், நிற்றலும் நிற்றல் நிமித்தமும்.

இயல் 2: ட்ரேயின் தொல்லியல்

எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போகும் பிளாஸ்டிக் ட்ரேயைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. கீழடியில் மண் அடுக்குகளைப் படிப்பதுபோல் அதையும் அடுக்கடுக்காகப் படிக்கலாம். அதிலும் அதைச் சுற்றியும் காணும் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு காரணம் புதைந்திருக்கிறது.

அடித்தட்டு, கைப்பையும் மெட்டல் டிடெக்டரும். விமானக் கடத்தல்கள் பெருகியதால் 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் அங்கே ஏறக்குறைய பஸ் ஏறுவதுபோல்தான் விமானம் ஏறினார்கள். நம் மீனம்பாக்கத்திலேயே 1984 ஆகஸ்டில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். வரிசையில் நின்று எரிச்சல்படும் எவரும் அந்தச் சம்பவத்தை நினைத்துக்கொண்டால் ஐந்து நிமிடமாவது பொறுமை வரும்.

அடுத்த அடுக்கு, காக்கிச் சீருடை. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட ஐ.சி. 814 விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகுதான், மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை நம் விமான நிலையங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி மற்ற ஊர்களுக்குப் பரவியது.

மூன்றாம் அடுக்கு, காலணி. 2001 டிசம்பரில் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்து ஒருவன் விமானம் ஏறினான். சக பயணிகள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். அந்த ஒரு ஜோடி ஷூவுக்காக அமெரிக்க விமான நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கானோர் காலணியைக் கழற்றினார்கள். 2025 ஜூலையில்தான் அந்த விதி தளர்ந்தது. காலணி கழற்றுவதில் கோவில் வாசல் பயிற்சி உள்ள நமக்கு இதில் பெரிய சிரமம் இருந்திருக்காது. டோக்கன்தான் கொடுக்க மாட்டார்கள்.

நான்காவது, திரவம். 2006 ஆகஸ்டில், பானப் பாட்டில்களில் திரவ வெடிமருந்து நிரப்பி அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கத் தீட்டிய சதியை லண்டனில் முறியடித்தார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் பாட்டில் ஒன்றுக்கு 100 மில்லி என்ற வரம்பு அதிலிருந்து வந்ததே. இதன் விளைவுகள் இயல் 4இல் விரியும்.

மேல்மட்ட அடுக்கு, பவர் பேங்க். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கு அறையில் எட்டி அணைக்க ஆளில்லை. பயணிகள் பகுதியில் உடனே அணைக்கலாம். ஆகவே அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட்-மணி வரைதான் வரம்பு. வழக்கமான 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணி என்பதால் பயமில்லை. அதை மறந்துபோய்ச் செக்-இன் பெட்டியில் போட்டவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கும். புகழ் பெற இதைவிட எளிய வழிகள் உள்ளன.

இயல் 3: கணிதம்

வரிசைக் கணிதத்தின் தந்தை ஏ.கே. எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909இல் கட்டுரை வெளியிட்டார். அவர் தொடங்கிவைத்த கணக்கை மீனம்பாக்கத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஓர் எக்ஸ்ரே எந்திரம் மணிக்கு 100 பேரை அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஆளுக்குச் சராசரியாக 36 நொடி. மக்கள் இஷ்டத்துக்கு, ஓர் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள்; ஆளாளுக்கு ஆகும் நேரமும் அப்படியே ஒழுங்கில்லாமல் மாறுகிறது. மணிக்கு 50 பேர் வந்தால் அங்கே சராசரியாக 1 ஆள் இருப்பார். 80 பேர் வந்தால் 4 பேர். 90 பேர் வந்தால் 9 பேர். 95 பேர் வந்தால் 19 பேர். 99 பேர் வந்தால் 99 பேர். எந்திரத்தின் திறனுக்குள்தான் கூட்டம் வருகிறது. ஆனாலும் விளிம்பை நெருங்க நெருங்க வரிசை வாசலைத் தாண்டுகிறது. பண்டிகைக் காலம் என்பது இந்த விளிம்பில் வாழும் காலம்.

இனி முக்கியமான கட்டம். மணிக்கு 90 பேர்தான் வருகிறார்கள், கூட்டம் கூடவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் பெல்ட்டை அவிழ்க்க மறந்தோ, லேப்டாப் எந்த ஜிப்புக்குள் இருக்கிறது என்று தேடியோ, சராசரியாக 36 நொடிக்குப் பதில் 38 நொடி எடுத்துக்கொள்கிறார்கள். 9 பேர் நின்ற இடத்தில் இப்போது 19 பேர் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டே நொடிதான். வரிசை இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆகவே நம் கருதுகோள் நிரூபணமாகிவிட்டது: முன்னால் நிற்பவரே காரணம். ஆயினும் ஆய்வு நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவர் நாமே. இந்தத் துணைத் தேற்றத்தை வரிசையில் எவரிடம் விளக்கினாலும், கணக்கை ஏற்றுக்கொண்டு முடிவை மறுக்கிறார்கள்.

பக்கத்து வரிசை மட்டும் ஏன் வேகமாக நகர்கிறது என்ற கேள்விக்கும் விடை உண்டு. மூன்று வரிசைகள் ஒரே மாதிரி இருந்தால், நம்முடையதே வேகமானதாக அமைய மூன்றில் ஒரு வாய்ப்புதான். மூன்றில் இரண்டு தடவை வேறொன்றுதான் முந்தும். இதில் சனிப்பெயர்ச்சிக்கு வேலையில்லை.

எவ்வளவு நேரம் நிற்போம் என்பதற்கு ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி கைகொடுக்கும். முன்னால் நிற்கும் தலைகளை எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதால் வகுத்தால் போதும். 60 பேர் இருந்து நிமிடத்துக்கு 3 பேர் போனால் 20 நிமிடம். விடை தெரிந்ததால் வரிசை வேகமாகிவிடாது. ஆனால் கவலைப்படலாமா, டீ குடிக்கலாமா என்று தெரியும்.

2022 டிசம்பரில் டெல்லி விமான நிலையத்தில் நெரிசல் முற்றி, விமானப் போக்குவரத்து அமைச்சரே நேரில் வந்து பார்த்தார். மூன்றரை மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள் என்று விமான நிறுவனம் ஒன்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. டெல்லியிலிருந்து சென்னைக்குப் பறக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். பறப்பதைவிடப் பறக்கக் காத்திருப்பது நீண்டது. எல்லோரும் அறிவுரைப்படி முன்னதாகவே வந்தால் என்ன ஆகும் என்பதை முகூர்த்தப் பந்திக்கு முந்திக்கொண்டு போய்ப் பழகிய வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

இயல் 4: ஊறுகாய் நீர்மமா, திண்மமா?

பன்னாட்டு முனையத்தில் நடந்த ஒரு விவாதத்தை ஆய்வாளர் அருகிலிருந்து கேட்டார். மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் செல்லும் ஓர் அம்மாள். கைப்பையில் மாவடு பாட்டில். துணி சுற்றி, அதன்மேல் பாலித்தீன் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டது. எதிரே தமிழ் தெரிந்த பெண் காவலர்.

“அம்மா, இது போகாது.”

“ஏம்மா? ஊறுகாய்தானே! தண்ணியா வச்சிருக்கேன்?”

“எண்ணெய் மிதக்குதேம்மா.”

“எண்ணெய் மிதக்கலேன்னா கெட்டுப் போயிடுமேடி கண்ணு!”

“நூறு மில்லிக்கு மேல விடமாட்டாங்கம்மா.”

“எண்ணெய் நூறு மில்லிகூட இருக்காது. நீயே பாரேன்.”

“உள்ள எவ்வளவு இருக்குன்னு கணக்கில்லம்மா. பாட்டில் எவ்வளவு பெருசுன்னுதான் கணக்கு.”

விதியின் சாரம் முழுவதும் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அரை லிட்டர் பாட்டிலின் அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் அது அரை லிட்டர்தான். அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. வீணாக்கிடாதே” என்றார். காவலர் சிரித்தபடி தலையாட்டி மறுத்தார். பின்னால் நின்றவர்கள் இரண்டு நொடிக் கணக்கை மறந்து மாவடுவுக்காக வருந்தினார்கள்.

அல்வாவும் மைசூர்பாகும் பெரும்பாலும் இத்தகைய தத்துவச் சிக்கலில் மாட்டுவதில்லை. அவற்றின் பிரச்சினை வேறு. எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, துணி, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சாகவும் தெரியும். இரண்டு கிலோ அல்வா திரையில் பெரிய ஆரஞ்சுக் கட்டியாகத் தெரிந்தால், திரை பார்ப்பவர் பையை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். திருநெல்வேலிக்காரர்கள் இதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

தேங்காய்க்குத் தனி வரலாறு உண்டு. அது கைப்பையில் தடை செய்யப்பட்ட பொருள். ஐயப்ப பக்தர்கள் இருமுடியைச் செக்-இன் பெட்டியில் போட மனமின்றித் தவித்தார்கள். 2024 அக்டோபரில், அந்தச் சபரிமலை சீசனுக்காக, 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகச் சிறப்பு அனுமதி கிடைத்தது. எக்ஸ்ரே, வெடிமருந்துச் சுவடு, கையால் தடவிப் பார்ப்பது என மூன்று சோதனைகளையும் தேங்காய் கடக்க வேண்டியிருந்தது. விரதம் இருந்தவருக்கு ஒரு சோதனை, தேங்காய்க்கு மூன்று.

இயல் 5: நிற்போர் வகை

ஒன்று, குடும்பத் தொகுதியார். ஒருவர் மட்டும் நிற்பார். ட்ரே கைக்கெட்டும்போது எங்கிருந்தோ ஐவர் வந்து சேர்வர்.

இரண்டு, அவசரத்தார். “அண்ணே, அஞ்சே முக்காலுக்கு ஃபிளைட்டு, கொஞ்சம் விடுங்கண்ணே” என்று ஒவ்வொருவராகக் கெஞ்சி முன்னேறுவர். விடுகிறவரில் பாதிப்பேர் அதே ஃபிளைட் என்பது பின்னர் தெரியவரும்.

மூன்று, ட்ரேயைக் கண்டபின் விழிப்போர். அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு, ட்ரே கைக்கு வந்த பிறகே தமக்கு இடுப்பும் பெல்ட்டும் இருப்பதை உணர்வர். இரண்டு நொடித் தேற்றத்தின் நாயகர் இவர்களே. எண்ணிக்கையிலும் இவர்களே அதிகம்.

நான்கு, முன்னேற்பாட்டார். பெல்ட், வாட்ச், பர்ஸ், சில்லறை எல்லாம் முன்பே கைப்பைக்குள், லேப்டாப் கையில். இவர்கள் அரிய உயிரினம்.

ஆய்வு முடிவுகளும் பரிந்துரைகளும்

1. நாடாவுக்குள் நுழைந்தவுடன் பைகளைக் காலி செய்க. வரிசை என்பது வெறுமனே நிற்பதற்கு மட்டுமான இடமன்று. இந்த வேலைக்கென்றே கிடைத்த அரை மணி நேரம்.

2. டிஜியாத்ரா செயலியில் பதிவு செய்க. ஆனால் அளவுக்கு மீறி நம்பற்க. முகத்தைக் காட்டினால் வாசல் திறக்கும். ட்ரே முகம் பார்ப்பதில்லை.

3. உடை விஷயத்தில் வெல்க்ரோ வேட்டியே சிறந்தது எனக் கண்டறியப்பட்டது. கொக்கியில்லை, ஷூவில்லை; பை தைக்காததாக வாங்கினால் சில்லறை மறக்கவும் வழியில்லை.

4. ஊறுகாய், நெய், தொக்கு, எண்ணெயில் மிதக்கும் பாசம் அனைத்தும் செக்-இன் பெட்டிக்கு. பவர் பேங்க் மட்டும் கையோடு.

5. வரிசை மாறற்க. மாறினாலும் பழைய வரிசையைத் திரும்பிப் பாரற்க.

மேலாய்வுக்குரிய களங்கள்

சோதனை முடிந்ததும் ட்ரேக்கள் வந்து குவியும் இடத்திலேயே நின்று நிதானமாகப் பெல்ட் கட்டுவோர் பற்றித் தனி ஆய்வு தேவை. அதைவிடப் பெரிய புதிர் பயணத்தின் மறுமுனையில் இருக்கிறது. வரிசையில் நிற்க வைத்தார்களே என்று வழிநெடுகப் பொருமிய அதே மனிதர், விமானம் தரையிறங்கி நின்ற மறுகணம், கதவு திறக்கும் முன்பே, தலை மேல்தட்டில் இடிக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தாமாக எழுந்து நிற்கிறார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. முன்னால் போக வழியுமில்லை. எர்லாங்கின் கணிதத்தில் இதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. நிதி நல்கை கிடைத்தால் ஆய்வைத் தொடர ஆய்வாளர் சித்தமாக இருக்கிறார். ஜன்னலோர இருக்கையாக இருந்தால் நலம்.