சம்புக்குள் எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: பெட்டியின் கன அளவுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கச் சொல்கிறார்கள். கூட்டினால் கணக்கு கோபித்துக்கொள்ளுமா?

பதில்: 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் உள்ள ஒரு தொட்டியின் அளவுகளைக் கூட்டினால் 19 அடி வரும். மூன்று கழிகளைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் கிடைக்கும் நீளம் அது. தொட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கு அது பதில் ஆகாது. இடத்தை அளக்க வேண்டுமானால் இடத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஓர் அடி உள்ள கட்டிகளைத் தொட்டியின் தரையில் பரப்பினால், நீளவாக்கில் 8, அகலவாக்கில் 6 என்று ஓர் அடுக்குக்கு 48 கட்டிகள் பிடிக்கும். அப்படி 5 அடுக்கு வைத்தால் தொட்டி நிறைந்துவிடும். மொத்தம் 240 கட்டிகள், அதாவது 240 கன அடி.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பு ‘அளவியல்’ பாடத்தில் கனச்செவ்வகத்துக்கு வரும் சூத்திரம், இந்த அடுக்குகளை எண்ணும் குறுக்குவழிதான். அடுக்கிப் பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறப்பதில்லை. ஆகவே முதலில் கட்டிகளை அடுக்க விட்டு, பிறகு சூத்திரத்தை எழுதுவதே நல்ல வரிசை.

கேள்வி: ஊரப்பாக்கத்தில் வீடு கட்டுகிறோம். மேஸ்திரி சொன்ன சம்ப் அளவும் அதே 8, 6, 5 அடிதான். 6,000 லிட்டர் லாரித் தண்ணீரை ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளுமா?

பதில்: ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 15 லிட்டர் குடமென்றால் ஏறத்தாழ இரண்டு குடம். 240 கன அடிக்குச் சுமார் 6,800 லிட்டர் ஆகிறது. லாரித் தண்ணீர் முழுவதும் இறங்கிவிடும், ஆனால் மேஸ்திரி சொன்னது உள்ளளவாக இருந்தால் மட்டும்.

அது வெளியளவு என்று வையுங்கள். சுவர் 9 அங்குலக் கனம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடி போய்விடுவதால், உள்ளே நீளம் ஆறரை அடி, அகலம் நாலரை அடி. ஆழம் 5 அடியை அப்படியே விட்டுவிட்டாலும் 146 கன அடிதான், லிட்டரில் சுமார் 4,140. பத்தில் நான்கு பங்கு தண்ணீருக்குரிய இடத்தைச் சுவரே எடுத்துக்கொள்கிறது. பூச்சு வேலை முடிந்ததும் இன்னும் கொஞ்சம் குறையும். தண்ணீரும் கூரை வரை நிற்பதில்லை. வழிந்தோடும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவரைதான் ஆழம். கம்பி கட்டுவதற்கு முன்பே மேஸ்திரியிடம் கேட்டுவிட வேண்டிய ஒரே கேள்வி, “உள்ளளவா, வெளியளவா?”

குடியேறிய பிறகு உதவும் கணக்கு ஒன்றும் உண்டு. உள்ளளவு 8-க்கு 6 உள்ள சம்பில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது 113 லிட்டர். கழியை இறக்கி, எத்தனை அங்குலம் நனைந்திருக்கிறது என்று பார்த்தால் கையிருப்பு தெரிந்துவிடும். லாரிக்கு எப்போது போன் செய்வது என்று அனுமானத்தில் தவிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆழம் 5 அடி 6 அங்குலம். கால்குலேட்டரில் 5.6 என்று போட்டேன். மகள் சிரிக்கிறாள்.

பதில்: மகள் பக்கமே நியாயம். அடிக்குப் பத்து அங்குலம் இல்லை, பன்னிரண்டு. 6 அங்குலம் அரை அடி, ஆகவே 5.5. அதேபோல 9 அங்குலம் 0.75, 3 அங்குலம் 0.25. கன அளவில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்: ஒரு கன அடிக்கு 12 கன அங்குலம் இல்லை, 12 × 12 × 12, அதாவது 1,728.

கேள்வி: தொட்டியின் எல்லா அளவையும் இரட்டிப்பாக்கினால் இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்குமா?

பதில்: எட்டு மடங்கு பிடிக்கும். நீளத்தால் இரண்டு, அகலத்தால் இரண்டு, ஆழத்தால் இரண்டு. இரண்டு மடங்கு போதுமென்றால் ஏதாவது ஓர் அளவை மட்டும் இரட்டித்தால் போதும்.

கேள்வி: எம்-சாண்ட் மூன்று யூனிட் என்று டிப்பர் வந்து நிற்கிறது. நம்புவதா, அளப்பதா?

பதில்: அளப்பதே நல்லது; இறக்கத் தொடங்கிவிட்டால் அளக்க முடியாது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பாடியின் உள்நீளம் 12 அடி, உள் அகலம் 7 அடி, சரக்கின் உயரம் மூன்றரை அடி என்றால் 294 கன அடி. மூன்று யூனிட் என்பதை ஒப்புக்கொள்ளலாம். உயரம் 3 அடிதான் என்றால் 252. அரை அடி இறங்கியதில் 42 கன அடி, கிட்டத்தட்ட அரை யூனிட் போய்விட்டது.

சரக்கு நடுவில் குவிந்தும் மூலைகளில் சரிந்தும் இருக்கும். கம்பியை நடுவிலும் நான்கு மூலைகளிலும் அடிவரை குத்தி, சராசரி உயரம் எடுக்க வேண்டும். குவியலின் உச்சியை மட்டும் அளப்பது வாங்குபவருக்கு நஷ்டம்.

இன்னொன்று ஈரம். லேசாக நனைந்த மணல், துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் பிடிப்பதால், உப்பி நிற்கும். நான்கில் ஒரு பங்கு வரைகூடக் கூடுதலாகத் தெரியும். நேரான கண்ணாடி டம்ளரில் அந்த மணலைப் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டால் மணல் அமுங்கி உட்காரும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவும் உப்பல்.

கேள்வி: நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருகிறதாம். அதற்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்?

பதில்: மீட்டர் கணக்கில் இது சுலபம். எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள பெட்டி ஒரு லிட்டர் பிடிக்கும்; ஒரு மீட்டர் உள்ள பெட்டி 1,000 லிட்டர். 10 கோடி லிட்டர் என்பது ஒரு லட்சம் கன மீட்டர். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், மூன்று மாடி உயரமாக 10 மீட்டர்: 2013-இல் தொடங்கிய அந்த நிலையத்தின் ஒரு நாள் உற்பத்தி அதில் அடங்கும். 2024-இல் திறந்த 15 கோடி லிட்டர் நிலையத்துக்கு அதே பெட்டியின் உயரத்தை 15 மீட்டராக்க வேண்டும்.

கேள்வி: செம்பரம்பாக்கம் ஏரியில் 24 அடியில் 12 அடி தண்ணீர் நின்றால், பாதி ஏரி நிறைந்ததா?

பதில்: இல்லை. அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி பெட்டியாக இருந்தால் 12 அடிக்குப் பாதி வந்திருக்கும். ஆனால் கரை சரிந்து இறங்குவதால் கீழே போகப் போகப் பரப்பு குறைகிறது. 12 அடியில் இருப்பு பாதியை எட்டாது. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கும் முறை, எந்த உயரத்திலும் ஒரே பரப்புள்ள பெட்டிக்கு மட்டுமே செல்லும். ஏரிக்கு, ஒவ்வொரு மட்டத்திலும் பரப்பை அளந்து, மெல்லிய அடுக்குகளாகக் கூட்டுகிறார்கள்.

கேள்வி: மாமல்லபுரத்தில் சிலைக்குக் கல் பேசியிருக்கிறோம். 6 அடி உயரம், 2 அடி அகலம், 2 அடி கனம். எடை தெரியாமல் எந்த வண்டியைச் சொல்வது?

பதில்: கன அளவு தெரிந்தால் எடையும் தெரிந்துவிடும். 6 × 2 × 2 = 24 கன அடி. கருங்கல் தண்ணீரைவிடச் சுமார் 2.7 மடங்கு கனமானது. கன அடிக்கு ஏறக்குறைய 76 கிலோ. ஆக 1,800 கிலோவுக்கு மேல். ஒரு டன் வண்டி தாங்காது. செதுக்கி முடித்த சிலை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பட்டறைக்கு வருவது முழுக்கல், ஆகவே வண்டிக்கும் கிரேனுக்கும் சொல்ல வேண்டியது முழுக்கல்லின் எடை.