குழாய்க்கு யார் உண்ணாவிரதம் இருப்பது?

சலப்பை கட்டிலுக்குக் கீழே தரையில் கிடக்கிறது. மூத்தாப்பாவுக்குச் சலம் அடைத்ததென்று கதீட்டர் போட்டார்கள். இன்று ஆறாம் நாள். எந்த வைத்தியசாலை என்று கேட்காதீர்கள். உங்கள் வாப்பா கிடந்த வார்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இன்னும் குழாய்? மிஸ்ஸைக் கேட்டால் டொக்டர் சொல்லவில்லை என்கிறார். டொக்டருக்கு ஞாபகம் வந்தால்தானே சொல்வார்! போட்ட திகதி கொப்பியில் இருக்கிறது. கழற்றும் திகதிக்குத்தான் இடமில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றில் 3 முதல் 7 பேருக்குச் சலத்தில் கிருமி ஏறும். பழைய பாடம். பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்தவர்கள்தான் வார்டில் மறக்கிறார்கள்.

மூத்தாப்பாவுக்குச் சீனி வருத்தம். புரஸ்டேட் வீக்கம். போன மாதம் சலக்கடுப்புக்கு சிப்ரோ குடித்திருக்கிறார். டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கியது. துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக் கூடாதென்பது சட்டம். "காக்கா, நாலு குளிசை தாங்க" என்றதும் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருவது பாமசி. நாலு குளிசையில் கடுப்பு அடங்கியது. நோஞ்சான் கிருமி செத்தது, மல்லன் தப்பினான். இப்போது குழாயைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பவன் அவன்தான். கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துக்கு மருந்து ஆர், ஆர், ஆர். கேட்காது என்று அர்த்தம். மிச்சம் மெரோபெனம் ஊசி. அதுவும் கையிருப்பில் இல்லையென்றால்? வெளியில் வாங்கி வாருங்கள்.

கொழும்பில் திட்டத்துக்குக் குறைவில்லை. கிருமியின் மருந்தெதிர்ப்பை அடக்க 2017 முதல் 2022 வரைக்கும் என்று தேசியத் திட்டமே போட்டார்கள். நவம்பர் வந்தால் விழிப்புணர்வு வாரம். பதாகை, படம், பெட்டிஸ். சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல, தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார். ஒழுங்காகக் குளிசை குடிக்கும்படி புத்தி சொல்வது மட்டும் நமக்கு!

நம்மூர் கல்முனைப் பெரியவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி 2019இல் தமிழர் பக்கம் உண்ணாவிரதம். தரமுயர்த்தாதே என்று முஸ்லிம் பக்கம் சத்தியாக்கிரகம். எல்லைக்கு எத்தனை வரைபடம், எத்தனை அறிக்கை! ஆதார வைத்தியசாலையும் ஊருக்குள் இரண்டு. ஒன்றுக்கு மறைந்த முஸ்லிம் தலைவர் அஷ்ரபின் பெயர், மற்றதற்கு வடக்கு என்று பெயர். கிருமிக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. தமிழர் சலமும் முஸ்லிம் சலமும் அதற்கு ஒரே ருசி. வயிறு காயக் குந்தியவர்களில் ஒருவராவது ஒரு குழாயைக் கழற்றச் சொல்லிக் குந்தியதுண்டா?

நாளைக்கு உங்கள் ஆளைப் பார்க்கப் போவீர்கள். தோடம்பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள். "டொக்டர், இந்தக் குழாய் இன்னும் எதற்கு?"

முறைப்பார்கள். முறைக்கட்டும். மறுநாளும் கேளுங்கள்.