டாம் அண்ட் ஜெரி முச்சங்க வரலாறு: செவிவழிக் காலக்கணிப்பு குறித்து ஓர் ஆய்வு

டாம் அண்ட் ஜெரி படம் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டே அதன் காலத்தைச் சொல்லிவிடலாம் என்பது இவ்வாய்வின் துணிபு. இத்துறையில் இதுவரை உழைத்தவர்கள் சோபாவில் சாய்ந்தபடி பூனையின் புருவத்தை அளந்தார்கள், எலியின் காதை அளந்தார்கள். தம் காதைத்தான் பயன்படுத்தவில்லை.

புலமை மரபையொட்டித் திரையரங்குப் படங்களை மூன்று சங்கங்களாகப் பகுத்துக்கொள்கிறோம். இவற்றுள் எதையும் கடல் கொள்ளாதது ஆய்வாளருக்கு வசதி.

தலைச்சங்கம் 1940 முதல் 1958 வரை ஹாலிவுட்டில் எம்ஜிஎம் நிறுவனத்தின் ஆதரவில் நடந்தது. அவைத்தலைவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா. அரங்கேறியவை 114, ஆஸ்கர் பெற்றவை 7. (முதல் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர் என்றிருப்பதைப் பாடபேதமாகக் கொள்க.) உரையாசிரியர் ஸ்காட் பிராட்லி. பெரும்பாலும் வாய் திறக்காத அந்தக் காவியத்துக்குப் பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை மூன்றையும் வாத்தியங்களாலேயே எழுதியவர். பூனை பதுங்கினால் இசையும் நுனிக்காலில் நடக்கும். மாடிப்படியில் உருண்டால் ஒரு படிகூட விடாமல் கூடவே உருளும். 1944-இல் வந்த ஒரு படத்தில், கழன்ற நாய்த்தலைக்குள் புகுந்து ஜெரி ஓடும் இடத்துக்கு அர்னால்ட் ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையையே கையாண்டார். கச்சேரி மண்டபத்தில் அந்த முறைக்கு முகம் சுளித்தவர்கள்கூட இங்கே சிரித்திருப்பார்கள். நாயும் எலியும் சேர்ந்த உருவுக்கு வேறெந்த ராகம் பொருந்தும்? டாம் கோட்டு மாட்டிக்கொண்டு லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சொடியைப் பியானோவில் வாசிக்கும் 1947-ஆம் ஆண்டுப் படமும் இச்சங்கத்தின் தொகை நூலே. பூனையின் புகழ்பெற்ற அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். அவைத்தலைவரே அலறிய சங்கம் வேறொன்று இருந்ததாகத் தெரியவில்லை.

இடைச்சங்கம் ப்ராக் நகரில் கூடியது. ஜீன் டெய்ச் தலைமையில் 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் 13 படங்கள். டெய்ச்சுக்கு இந்த அடிதடி முன்பே பிடிக்காது. அவருடைய செக் ஓவியர்கள் பழைய படங்களில் சிலவற்றைத்தான் பார்த்திருந்தார்கள். மூலநூலை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வழிநூல் செய்வது நம் புலவர் உலகிலும் உண்டு என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. இசை ஷ்டெபான் கோனிச்செக். எழுத்தோட்டத்தில் மட்டும் ஸ்டீவன் ஆனார். ஒலிகளைச் செய்த டாட் டாக்ஸ்டேடர் மின்னணு ஒலிநாடா இசையில் பேர்பெற்றவர். விளைவைச் செவியால் அறியலாம்: வாணலி விழுந்தால் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் எதிரொலிக்கும், பூனை ஒரு பக்கம் ஓடும், இசை தன் வேலையாக வேறு பக்கம் போகும். பெரும்பான்மை அறிஞர் இவற்றை இழிந்தவை என்பர். நமக்கு உடன்பாடில்லை. காய்ச்சல் கண்ட இரவில் பார்ப்பதற்கு இவற்றுக்கு ஈடான படங்கள் இல்லை.

கடைச்சங்கத்துக்கு (1963-1967) சக் ஜோன்ஸ் தலைவர், படங்கள் 34. தொடக்கத்தில் எம்ஜிஎம் சிங்கம் கர்ஜிக்க, அதன் இடத்தில் டாம் வந்து மியாவ் என்கிறது. செவியாய்வாளருக்கு இதைவிடத் தெளிவான சாசனம் வேண்டாம். யூஜீன் பொடானி, டீன் எலியட் ஆகியோரின் இசை அடியை விட்டுவிட்டு அடிக்குப் பிந்திய மௌனத்தைக் கவனிக்கிறது. அடிபட்ட டாம் தடித்த புருவத்தை உயர்த்தி நம்மைப் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகே ஒரு சுரம். இதே ஜோன்ஸ் 1966-இல் எடுத்த கிரிஞ்ச் படத்துக்கும் பின்னணி இசை பொடானிதான். புருவமும் ஒரே குலம்.

எஞ்சியது சங்கம் மருவிய காலம். 1975-இல் ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்காக மீண்டும் வந்தபோது, குழந்தைகள் நிகழ்ச்சியில் அடிதடி கூடாது என்ற கெடுபிடி அமெரிக்காவில் ஓங்கியிருந்தது. தமிழில் சங்கம் மருவிய காலம் அறநூல்கள் பெருகிய காலம் அல்லவா? இங்கும் அப்படியே. பூனையும் எலியும் நண்பர்களாகி ஊர் சுற்றின. ஓடுவதும் விழுவதும் குறைந்தபின் உரையெழுத இசைக்கு என்ன மிச்சம்? ஜெரியின் கழுத்தில் சிவப்பு போ டை ஏறியது. அது எதற்கென்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. எலி வேலைக்கு நேர்காணல் போகிறது என்பது எங்கள் வீட்டு ஏழு வயது ஆய்வாளரின் முடிபு. மறுக்கச் சான்று கிடைக்கவில்லை.