மாணவர் வாடகைக் குடியிருப்பு: ஆணி இயலுக்கு ஒரு முன்னுரை

சென்னையில் உயர்கல்வி பயிலும் மாணவர்களின் கல்வியாண்டு ஜூன், ஜூலை வாக்கில் தொடங்குவதாகக் கல்லூரி நாட்காட்டிகள் கூறினாலும், அடுத்த ஆண்டுக்கான வீடு தேடும் படலம் ஏப்ரல் மாதச் செமஸ்டர் தேர்வுகளுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், தேர்வுக்குப் படிப்பதும் வீட்டுக்கு அலைவதும் ஒரே பருவத்தில் நிகழ்கின்றன. இவ்விரண்டில் மாணவரை அதிகம் சோதிப்பது எது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. விடுதிச் சாம்பாரோடும் இரவு வருகைப் பதிவேட்டோடும் ஓராண்டோ ஈராண்டோ மல்லுக்கட்டிய பின், நான்கைந்து பேர் கூடி வெளியே வாடகை வீடு பிடித்துத் தங்குவதை 'ரூம் எடுத்தல்' என்பர். அவ்வாறு ரூம் எடுப்பதற்கான, ஒருபோதும் தவறாத வழி ஒன்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வழி இறுதிப் பகுதியில் தரப்படும்.

தேடலின் நிலவியல் சிக்கலற்றது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கிண்டிக்கு வந்துசேர்ந்த பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் சுற்றுகின்றனர். 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் மாணவர்கள் சேலையூர்ப் பக்கம் சுற்றுகின்றனர். சேப்பாக்கத்தில் பயில்வோர்க்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள், அதாவது ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் ஒரு துணிக்கொடியும் அடங்கிய ஒற்றை அறைகளை மாடிதோறும் வரிசையாகக் கொண்டு, குளியலறையை மட்டும் பொதுவில் வைத்திருக்கும் பழைய கட்டடங்கள், நெடுங்காலமாகக் கைகொடுத்துவருகின்றன. கல்லூரிகளே வீடு மாறியவைதாம் என்பது இங்குக் கருதத்தக்கது. ஆயினும் அவை பழைய இடத்தைக் காலி செய்தபோது பெயிண்டிங் சார்ஜ் என்று யாரும் பிடித்துக்கொண்டதாகக் கல்லூரி வரலாறுகளில் குறிப்பில்லை.

டூலெட் பலகை எனப்படுவது வாயிற்கதவில் கம்பியால் கட்டப்படும் தகரத் துண்டு. 'ஃபேமிலி ஒன்லி' என்று அதில் எழுதியிருந்தால் மாணவர் விலகிச் செல்ல வேண்டும். அவ்வாறு எழுதாதிருந்தால் அழைப்பு மணியை அடித்து, எழுதாமல் விட்டது மறதியே என்பதைக் கேட்டறிந்த பின் விலகிச் செல்ல வேண்டும். 'பேச்சிலர்ஸ் அனுமதி' என்ற அரிய பலகையைக் கண்டு மனம் மகிழ்வோர், அந்த பேச்சிலர் ஐ.டி. நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவராகவும், சமைக்காதவராகவும், நண்பரில்லாதவராகவும், கூடுமானவரை வீட்டிலேயே இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும் என்பதை முதல் மாடி ஏறுவதற்குள் தெரிந்துகொள்வர். புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இதே பலகைகளையே சுட்டிக்காட்டுவார். மாணவியர்க்கோ பலகைகளும் இல்லை. கேட் சாத்தும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு லேடீஸ் ஹாஸ்டலுக்குள் நுழைந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது நேர்காணல். சொந்த ஊர் எது, அப்பாவுக்கு என்ன வேலை, எத்தனை பேர் தங்குவீர்கள், எத்தனை பேர் வந்துபோவார்கள் என்ற வினாக்கள் முடிந்தபின், "தம்பி, நீங்க வெஜ்ஜா நான்வெஜ்ஜா?" என்று உரிமையாளர் கேட்பார். சாதியைக் கேட்பது அநாகரிகம் என்பதை இந்நகரம் கற்றுக்கொண்டுவிட்டதால் முட்டையைக் கேட்கிறது. இதைப் பற்றி மேலும் எழுதினால் கட்டுரையின் நகைச்சுவை கெடும் என்பதால் அட்வான்ஸுக்குச் செல்லலாம்.

அட்வான்ஸ் என்பது குடிபுகுமுன் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும் வைப்புத்தொகை. சென்னை மரபில் இது பத்து மாத வாடகை வரை நீளும். உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்பது முறையன்று என்கிறது. ஆனால் 'இருதரப்பும் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் அன்றி' என்ற சிறு கதவையும் திறந்தே வைத்திருப்பதால், எல்லா உரிமையாளர்களும் அக்கதவின் வழியாகவே போய்வருகின்றனர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு அஞ்சிப் பிறந்த பதினொரு மாத ஒப்பந்தமும், எந்தக் கால அளவாயினும் பதிய வேண்டும் என்று புதிய சட்டம் சொன்ன பின்னரும், பதினொரு மாதமாகவே தொடர்கிறது. கோடை விடுமுறையில் மாணவர் ஊரில் மாம்பழம் தின்னும் நாட்களும் இப்பதினொன்றில் அடக்கம்.

இவ்வொப்பந்தத்தில், வாடகை தர வேண்டிய தேதிக்கும் தண்ணீர் மோட்டார் போடும் நேரத்துக்கும் இடையில், 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்றொரு வரி தவறாமல் இடம்பெறும். இவ்வரியை வாசகருள் பாதிப்பேர் எழுதியிருப்பர், மீதிப்பேர் அதில் கையொப்பமிட்டிருப்பர். ஆதலின் விளக்கம் வேண்டியதில்லை. எனினும் சிறிது விளக்கலாம்.

ஆணிகளைப் பூர்விக ஆணி, புது ஆணி என இரண்டாகப் பகுக்கலாம். பூர்விக ஆணி முன்பிருந்த குடித்தனக்காரர்களால் அடிக்கப்பட்டது. அதைப் பிடுங்கினால் பூச்சு பெயரும் என்பதால் பிடுங்கக் கூடாது. புது ஆணி அடித்தாலும் பூச்சு பெயரும் என்பதால் அடிக்கக் கூடாது. ஆகவே என்றோ யாரோ அடித்துவிட்டுப் போன ஆணிகளின் இருப்பிடத்துக்கேற்பத் தம் வாழ்வை அமைத்துக்கொள்வது மாணவர் கடமையாகிறது. குளியலறை வாசலில் முகக்கண்ணாடிக்கென இருக்கும் ஒரே ஆணி ஆறடி உயரத்தவர் ஒருவர் அடித்ததாக இருக்கும். அதனால் ஐவருள் நால்வர் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் வாளியின் மேல் ஏறி நின்று சவரம் செய்துகொள்வர், வாளியும் விரைவில் விரிசல் விடும். வேறோர் ஆணி சுவிட்ச் போர்டுக்கு அருகில் முழங்கால் உயரத்தில் இருக்கும். அதில் எதை மாட்டினார்கள் என்பதற்கு இதுவரை ஏற்கத்தக்க விளக்கம் எதுவும் முன்வைக்கப்படவில்லை.

இத்தடை எல்லோர்க்கும் பொதுவானதும் அன்று. கேபிள்காரரும், இணைய இணைப்புத் தருபவரும், ஏ.சி. மெக்கானிக்கும் கட்டைவிரல் நுழையும் அளவுக்குச் சுவரைத் துளைக்கும்போது உரிமையாளர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முக்கால் அங்குல ஆணி மட்டுமே கட்டடத்தின் உறுதியைக் குலைக்கவல்லது. இரண்டு மாடிகளையும், மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியையும், அதன்மேல் ஏறி நின்று தண்ணீர் அளவு பார்க்கும் உரிமையாளரையும் தாங்கும் சுவர், ஒரு தினசரிக் காலண்டரைத் தாங்காது என்பது பொறியியல் மாணவர்களிடமே அஞ்சாமல் சொல்லப்படுகிறது.

தடையின் தோற்றம் குறித்து மூன்று கொள்கைகள் உள. ஆணியைக் காட்டிலும் சுத்தியல் ஓசையே கீழ்வீட்டாரின் பகலுறக்கத்துக்குப் பகை என்பது முதலாவது. இதனாலேயே விவரமறிந்த மாணவர்கள் சேப்பாக்கத்தில் சென்னை அணி ஆடும் இரவுகளுக்காகக் காத்திருந்து, தெருவே கூச்சலிடும் தருணத்தில் சுத்தியலை ஓங்குகின்றனர். பின்னாளில் பிடித்தம் செய்வதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவே தடை விதிக்கப்படுகிறது என்பது இரண்டாவது; இக்கொள்கையின்பால் கட்டுரையாசிரியருக்குச் சாய்வு உண்டு, ஏனெனில் தம் மாணவப் பருவத்தில் சைதாப்பேட்டையில் இழந்த ஒரு மாத வாடகையை இன்னும் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர் என்று வீட்டார் சொல்கின்றனர். மூன்றாவது வரலாற்று நோக்குடையது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் குடித்தனக்காரரைக் காலி செய்யவைப்பது எளிதாக இருக்கவில்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஆணி அடித்தவன் நிலைத்துவிடுவான் என்ற அச்சம் அக்காலத்தில் வேரூன்றியிருக்கலாம் என்பர். அச்சட்டம் போய்விட்டது, அச்சம் போகவில்லை.

ஆணிக்கு மாற்றாக உரிமையாளர்களே பரிந்துரைப்பது ஒட்டுக்கொக்கி. இது பின்புறம் பசை தடவிய பிளாஸ்டிக் வில்லையில் அமைந்த கொக்கி. ஐந்து கிலோ தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருக்கும். ஈரத் துண்டு ஒன்றை மாட்டிய மூன்றாம் நாள் நள்ளிரவில் அது விழும். விழும்போது தனியே விழுவதில்லை. எமல்ஷனையும் பிரைமரையும் பட்டியையும் ஒரே தகடாகப் பெயர்த்துக்கொண்டு விழும். பெயர்ந்த இடத்தில், கீழடிக் குழியின் மண்ணடுக்குகள் போல, மேலே வெளிர்மஞ்சள், அதற்கடியில் ரோஸ், அதற்கும் அடியில் சுண்ணாம்பு கலந்த நீலம் என முற்காலக் குடித்தனங்கள் வரிசையாகத் தெரியும். எந்த ஆணியும் இவ்வளவு சேதம் செய்ததில்லை. ஆனால் ஒட்டுக்கொக்கி ஒப்பந்தப்படி குற்றமன்று, அதன் விளைவே குற்றம். இதனோடு, டிசம்பர் இறுதியில் மளிகைக் கடைக்காரர் அன்போடு தரும் காலண்டரின் தலையில் துளை இருப்பதையும், அத்துளை ஆணிக்காகவே போடப்படுவதையும், அது கிடைத்த நாள் தொட்டு ஃப்ரிட்ஜின் மேல் படுத்தே கிடப்பதையும், படுத்துக்கிடக்கும் காலண்டரில் ஒருவரும் தேதி கிழிப்பதில்லை ஆதலால் அவ்வீட்டில் ஆண்டு முழுதும் ஜனவரி முதல் தேதியாகவே இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் இப்போது எழுத நேர்ந்ததற்கு, சென்ற மே மாதம் கோட்டூர்புரத்தில் கட்டுரையாசிரியரின் உறவினர் மகன் உள்ளிட்ட ஐந்து மாணவர்கள் வீட்டைக் காலி செய்தபோது நடந்த கணக்குத் தீர்ப்பே காரணம். அட்வான்ஸில் பெயிண்டிங் சார்ஜ் என ஒரு மாத வாடகையும், ஆணி ஒன்றுக்கு இருநூறு ரூபாய் வீதமும் பிடித்துக்கொள்ளப்பட்டன. உரிமையாளர் கைப்பேசி விளக்கை அடித்துச் சுவர் சுவராக எண்ணினார். பூர்விக ஆணிகளும் எண்ணிக்கையில் சேர்ந்தன, முழங்கால் உயர ஆணியும் சேர்ந்தது. குடிபுகுந்த அன்று படம் எடுத்துவைக்கவில்லையா என்று கேட்டதற்கு, எடுத்தோம் என்று காட்டினர்; எல்லாப் படங்களிலும் ஐவரும் சுவரை மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தனர்.

சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. குழாய் வாஷர் மாற்றுவது, அடைப்பு எடுப்பது, ஏன், குளியல் தொட்டியைப் பழுதுபார்ப்பது வரை வாடகைதாரர் பொறுப்பு என்றும் அதே அட்டவணை கூறுகிறது. கோட்டூர்புரத்து மாடிப் போர்ஷனில் குளியல் தொட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது யார் பொறுப்பு என்று அது கூறவில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. இவற்றையெல்லாம் எடுத்துச்சொன்னபோது, "எழுதினவங்க வந்து பெயிண்ட் அடிச்சுத் தருவாங்களா?" என்ற வினாவே விடையாகக் கிடைத்தது. வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம்தான். ஆனால் முறையிட வேண்டியவர்கள் அதற்குள் வேறு நான்கு தெருக்களில் டூலெட் பலகை பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவர்கள் வெளியேறிய அதே வாரத்தில் அவ்வீடு அடுத்த கூட்டத்துக்குக் காட்டப்பட்டது. வண்ணம் பூசப்படவில்லை. ஒட்டுக்கொக்கி பெயர்த்த இடத்தில் ரோஸும் நீலமும் தெரிந்தபடியே இருக்க, அவ்விடத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்ற உரிமையாளர், போன மாதம்தான் பெயிண்ட் அடித்தது, அதனால் வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதல், ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்றார்.

தவறாத வழி குறித்த இறுதிப் பகுதிக்கு இனி இடமில்லை.